எஸ்ஜிஓடி ஏறியது எதனால்? மூலிகை மாத்திரையும் கடும் உடற்பயிற்சியும் உடலில் செய்வது என்ன

இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர் அலுவலகத்தின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மது கிடையாது, சர்க்கரை கிடையாது. சமீபத்தில்தான் ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். நண்பர் சொன்னார் என்று அமுக்கரா மாத்திரையும், கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரத்தை நம்பிப் பச்சைத் தேயிலை மாத்திரையும் விழுங்கிவருகிறார். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கல்லீரல் பகுதியில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வருகின்றன: எஸ்ஜிஓடி 190, எஸ்ஜிபிடி 95. இரண்டுக்கும் மேல் எல்லை ஏறத்தாழ 40.

அம்மா, "அந்த மாத்திரையை முதலில் குப்பையில் போடு" என்கிறார். ஜிம் பயிற்சியாளர் புரோட்டீன் பவுடர் மீது பழி போடுகிறார். நண்பரோ, மூலிகைக்கு ஏது பக்கவிளைவு, எடை தூக்கினால் எண்கள் ஏறத்தான் செய்யும் என்று அடித்துச் சொல்கிறார். பெரியப்பா ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்கிறார்; மூலிகையால் வந்ததோ என்று சந்தேகிக்கும் சிக்கலுக்கு இன்னொரு மூலிகை!

இவர்களில் யார் சொல்வது சரி? அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவராலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்துவிட்டால், மூலிகையும் கடும் உடற்பயிற்சியும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதில் பாதி புரிந்துவிடும். இரண்டையும் "உடம்புக்கு நல்லது" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. உடலைப் பொறுத்தவரை இரண்டும் சுமைதான். எவ்வளவு சுமை, எந்த வடிவில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து நன்மையோ தீமையோ அமைகிறது.

கடும் உடற்பயிற்சியின்போது

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. மூச்சுவாங்கிப் பேச்சே வராத அளவுக்கு ஓடும்போது அது 20 லிட்டரையும் தாண்டும். ஓய்வில் மொத்த ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகும். கடும் பயிற்சியிலோ ஐந்தில் நான்கு பங்கு போகிறது. கூடுதல் ரத்தம் முழுவதையும் இதயம் மட்டும் தருவதில்லை. குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் வெகுவாகக் குறைக்கப்பட்டுத் தசைக்குத் திருப்பிவிடப்படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி தசைக்கு வருவோம். தசை சுருங்கியபடி வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போதுதான் அதிகமாகக் காயப்படுகிறது. எடையை மெதுவாகக் கீழே இறக்குவது, உட்கார்ந்து எழும் பயிற்சியில் உட்காரும் பாதி, மலையிலிருந்து இறங்குவது எல்லாம் இந்த வகை. வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும்; மறுநாள் கழிப்பறையில் உட்காரவிடாமல் தொடையைப் பிடித்துக்கொள்வது இறக்கத்தின் வேலை.

இந்த வலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று இன்னும் பல ஜிம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. பயிற்சியில் உருவாகும் லாக்டேட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகும் வலி, தசை இழைகளில் விழுந்த நுண்ணிய காயங்களாலும் அவற்றை ஆற்ற உடல் ஏற்படுத்தும் அழற்சியாலும் வருவது. அழற்சி என்பது காயப்பட்ட இடத்துக்கு ரத்த அணுக்களையும் வேதிப்பொருள்களையும் உடல் அனுப்பும் ஏற்பாடு. பழுது பார்க்கும் வேலையில் அந்த இழை முன்பைவிட உறுதியாகிறது. அதனால்தான் அதே பயிற்சியைச் சில வாரம் கழித்துச் செய்தால் அவ்வளவு வலிப்பதில்லை.

இதன் மறுபக்கத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. பழகிய உடலைவிடப் பழகாத உடலுக்கு அதே பயிற்சி பன்மடங்கு காயம் தரும். ஆகவே ஆபத்து கூடுதலாக இருப்பது முதல் வாரத்திலும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய எடையையே தூக்க முயலும் நாளிலும்தான். புத்தாண்டுத் தீர்மானத்தோடு வருபவரை முதல் நாளே கசக்கிப் பிழியும் பயிற்சியாளர் தன் திறமையைக் காட்டவில்லை, அறியாமையைத்தான் காட்டுகிறார்.

இதுவரை பார்த்தது: கடும் பயிற்சி தசையைச் சிறிது காயப்படுத்துகிறது, ஆற்றும்போது உடல் அதை வலுவாக்குகிறது; பயிற்சி நடக்கும் நேரத்தில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறைகிறது.

இரண்டு கடை, ஒரே அரிசி

ஒரு தெருவில் எதிரெதிரே இரண்டு கடைகள் இருக்கின்றன. தெருவில் அரிசி சிந்திக் கிடக்கிறது. எந்தக் கடையின் மூட்டை கிழிந்தது? இரண்டிலும் அதே அரிசிதான் விற்கிறார்கள் என்றால், அரிசியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. வேறு என்ன சிந்தியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கடையில் மட்டும் மிளகாய் வற்றல் உண்டு, மற்றதில் மட்டும் கருப்பட்டி உண்டு என்றால், அரிசியோடு எது கிடக்கிறதோ அது கடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தெருதான் ரத்தம். ஒரு கடை கல்லீரல், மற்றது தசை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் நொதிகள். அதாவது செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். செல் நன்றாக இருக்கும்வரை இவை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு சேதமானால் கசிந்து ரத்தத்துக்கு வந்துவிடும். அறிக்கையில் இவை "கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை" என்ற தலைப்பின்கீழ் அச்சாவதால் கல்லீரலின் சொத்து என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். தசையிலும் இவை உண்டு. குறிப்பாக எஸ்ஜிஓடி தாராளமாக உண்டு. இன்னொன்று: பெயர் செயல்பாட்டுச் சோதனை என்றாலும், இந்த இரண்டு எண்கள் செயல்பாட்டைக் காட்டுவதில்லை, கசிவை மட்டுமே காட்டுகின்றன.

வற்றலும் கருப்பட்டியும் எவை? சிபிகே என்ற நொதி தசையில் ஏராளம், கல்லீரலில் இல்லை என்றே சொல்லலாம். ஜிஜிடி என்ற நொதி கல்லீரலிலும் பித்தக் குழாய்களிலும் உண்டு, தசையிலிருந்து வருவதில்லை. இவற்றோடு பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளையும் பார்க்க வேண்டும். பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உருவாகும் அதைப் பித்தத்தின் வழியாக வெளியேற்றுவது கல்லீரலின் பொறுப்பு. அது ரத்தத்தில் தேங்கினால் கண்ணும் தோலும் மஞ்சளாகும்.

2008இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எடைப் பயிற்சிக்குப் பழக்கமில்லாத, உடல்நலமுள்ள 15 ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்து, பின்னர் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்தார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, சிபிகே எல்லாம் ஏறின. ஏறியவை குறைந்தது 7 நாள் வரை இயல்பு நிலைக்குத் திரும்பவில்லை. ஜிஜிடியும் பிலிருபினும் அசையவேயில்லை. ஒரே ஒரு மணி நேரப் பயிற்சிதான்! அந்த வாரத்தில் அவர்களில் ஒருவர் காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போயிருந்தால், மஞ்சள் காமாலைக் கிருமியில் தொடங்கி ஸ்கேன் வரை அத்தனை சோதனைகளையும் செய்துபார்த்திருப்பார்கள்.

நம் இளைஞருக்கு முதலில் தேவை சிபிகே, ஜிஜிடி, பிலிருபின் ஆகிய மூன்று எண்கள். சிபிகே ஆயிரக்கணக்கில் இருந்து மற்ற இரண்டும் இயல்பாக இருந்தால், சிந்தியது தசையின் மூட்டை. பத்து நாள் ஜிம்முக்குப் போகாமல் இருந்து மீண்டும் சோதித்தால் எண்கள் இறங்கியிருக்கும். சிபிகே இயல்பாக இருந்து ஜிஜிடி ஏறியிருந்தால், அம்மாவின் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. இரண்டும் ஏறியிருப்பதும் உண்டு. அப்போது மாத்திரை, பயிற்சி இரண்டையும் நிறுத்த வேண்டும்.

தசைக் காயம் எல்லை மீறினால்

தசை இழைகள் கொஞ்சம் சேதமாவதோடு நிற்காமல், கூட்டம் கூட்டமாகச் சிதைந்து உள்ளிருப்பதையெல்லாம் ரத்தத்தில் கொட்டிவிடும் நிலைக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். தசைச் சிதைவு என்று சொல்லிக்கொள்ளலாம். 1941இல், லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த காலத்தில், இடிபாடுகளில் கை கால் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பதை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். காயம்பட்டது கால், செயலிழந்தது சிறுநீரகம். இரண்டையும் இணைப்பது மையோகுளோபின். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் சிவப்புப் புரதம். அது அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும்போது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துச் சேதப்படுத்துகிறது. கூடவே தசைக்குள்ளிருந்த பொட்டாசியம் திடீரென்று ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இடிபாடு எதுவும் இல்லாமலேயே, கடும் பயிற்சியால் மட்டும் இந்த நிலைக்கு வருபவர்கள் உண்டு. முதல் நாள் சுழல் சைக்கிள் வகுப்பில் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தவர்கள், பந்தயம் கட்டி நூற்றுக்கணக்கில் தண்டால் எடுத்தவர்கள் இப்படி மருத்துவமனைக்கு வருகிறார்கள். நம் ஊர்க் கோடை இதை இன்னும் மோசமாக்கும். வியர்வையில் நீர் போய்விட்டால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் இன்னும் குறைகிறது. பயிற்சியால் ஏற்கெனவே குறைந்திருப்பதை மேலே பார்த்தோம்.

மூலிகையை உடல் எப்படிக் கையாள்கிறது

விழுங்கிய எதுவும் குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடல் முழுவதும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் ஒரு பெரிய நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அந்தப் பொருள் பரிசோதிக்கப்பட்டு, வேதிமாற்றம் செய்யப்பட்டு, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறத் தக்கதாக்கப்படுகிறது. மிளகும் பாராசிட்டமாலும் அமுக்கராவும் இதே வழியாகத்தான் போயாக வேண்டும். இயற்கை, செயற்கை என்ற பாகுபாடு கல்லீரலுக்குத் தெரியாது. எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

மாற்றம் செய்யும் வழியில் சில நேரம், முதலில் விழுங்கியதைவிட ஆபத்தான இடைநிலைப் பொருள் உருவாகிவிடுகிறது. அளவு கூடக்கூட யாருக்கும் சேதம் செய்பவை ஒரு வகை. இன்னொரு வகை, ஆயிரக்கணக்கானோருக்கு ஒன்றும் செய்யாமல், மரபணு அமைப்பின் காரணமாக ஒருசிலரின் கல்லீரலை மட்டும் தாக்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் பொருள் ஒட்டிய கல்லீரல் செல்களை அந்நியம் என்று கருதி அழிக்கத் தொடங்குவதே பெரும்பாலும் இதன் பின்னணி. மூலிகை மாத்திரைகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளில் அதிகமானவை இந்த இரண்டாம் வகை. "நான் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற சாட்சியம் இங்கே செல்லாது. அது அவருடைய மரபணுவைப் பற்றிய செய்தி, உங்களுடையதைப் பற்றியது அல்ல.

2021இல் மும்பை மருத்துவர்கள், கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். செடியை மாற்றிச் சாப்பிட்டிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பிறகு பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரங்களை வெளியிட்டன. அவர்களில் சிலருக்குத் தன் உடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்திக் கோளாறு முன்பே மறைந்திருந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது எல்லோருக்கும் நல்லதல்ல என்பது இதில் வெளிப்பட்டது.

குழம்பில் இருப்பதும் குப்பியில் இருப்பதும்

"மஞ்சளை நம் பாட்டி காலத்திலிருந்து சாப்பிடவில்லையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற வேதிப்பொருள் ஏறத்தாழ 3 சதவீதம். குழம்பில் போடும் அரைத் தேக்கரண்டித் தூளில் 40, 50 மில்லிகிராம் இருந்தால் அதிகம். 95 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 475 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது ஒரு மாத்திரை சுமார் 16 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். அவ்வளவு தூளை எந்தப் பாட்டியும் ஒரே ஆளுக்கு ஒரே வேளையில் போட்டதில்லை.

கணக்கு அத்தோடு முடியவில்லை. குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. உறிஞ்சப்படும் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே வெளியேற்றிவிடும். இயற்கையே வைத்த தடை என்று சொல்லலாம். இந்தத் தடையைத் தாண்ட மாத்திரைகளில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூருவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமினின் அளவு 2000 சதவீதம் கூடியது. விளம்பரங்களில் இதைப் பெருமையாகப் போடுகிறார்கள். பைப்பரின் இதைச் சாதிப்பது, வேதிப்பொருள்களை வெளியேற்றும் வேலையை மந்தப்படுத்தித்தான். அந்த மந்தம் குர்குமினுக்கு மட்டும் என்று எல்லை கட்டி நிற்காது. அதே நேரத்தில் நீங்கள் சாப்பிடும் சில மருந்துகளும் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் உண்டு.

குடம்புளியும் அப்படித்தான். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் மீன் குழம்பில் போடும் அதே பழத்திலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து எடை குறைப்பு மாத்திரையாக உலகம் முழுக்க விற்கிறார்கள். குழம்பு சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக் கெட்டவர்கள் உண்டு.

பச்சைத் தேயிலை மாத்திரையில் இருக்கும் முக்கியப் பொருள் இஜிசிஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்துக்கொண்டால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. தேநீராகக் குடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கும்போது இது ரத்தத்தில் பல மடங்கு கூடுதலாகச் சேரும். காலையில் எதுவும் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினால் கொழுப்பு கரையும் என்பதுதான் ஜிம்களில் புழங்கும் அறிவுரை. மாத்திரை எந்த நிலையில் மிக ஆபத்தோ அந்த நிலையில் விழுங்கச் சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உணவில் இருக்கும் மூலிகையும் அதன் செறிவும் ஒரே பொருளல்ல. அளவு, செறிவு, வயிற்றின் நிலை, கூடச் சேர்ந்த பொருள் இவை நான்கும் மாறினால் விளைவும் மாறும்.

அமுக்கராவைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்

உடற்பயிற்சி செய்வோர் மத்தியில் இன்று அதிகம் விற்பது இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். அஸ்வகந்தா என்று ஆயுர்வேதம் சொல்வதும் சித்த வைத்தியத்தின் அமுக்கராவும் ஒரே செடி. பலன் தருவதாகக் கருதப்படும் வேதிப்பொருள்களுக்கு விதனோலைடு என்று பெயர்.

இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. 2015இல் வெளியான ஆய்வில் 57 ஆண்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச் செறிவு தினம் இருவேளை. மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. மாத்திரை எடுத்தவர்கள் படுத்தபடி தூக்கும் எடையில் சராசரியாக 46 கிலோவும், மற்றவர்கள் 26 கிலோவும் முன்னேறினார்கள். பயிற்சிக்குப் பிந்தைய சிபிகே உயர்வும் மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் 57 பேர், 8 வாரம் என்பது பலனைப் பற்றி ஒரு நம்பிக்கை தரலாம். அரிதாக வரும் பாதிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய பாதிப்பு 57 பேரில் தலைகாட்டாது.

அந்தப் பாதிப்பு வரும்போது அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது. மாத்திரை தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள், தூங்கவிடாத அரிப்பும் மஞ்சள் காமாலையும் வருகின்றன. பித்தம் வடியாமல் தேங்குவதால் வரும் அரிப்பு இது. நிறுத்திய பிறகு பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். முன்பே கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு உயிராபத்து வரை போயிருக்கிறது. தைராய்டு சுரப்பையும் இது தூண்டக்கூடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகம் 2021இல், இலையைப் பயன்படுத்தாமல் வேரை மட்டும் பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. மரபில் பயன்பட்டதும் வேர்தான். இலை மலிவு என்பதால் உள்ளே நுழைந்தது.

மரபு என்று வாதாடுபவர்கள் அமுக்கராச் சூரணத்தின் செய்முறையையும் பார்க்க வேண்டும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அழகான கணக்கு அது. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா கால் பங்குதான். வேர்த் தூளில் விதனோலைடு பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே 1 கிராம் சூரணத்தில் அதிகம் போனால் 2.5 மில்லிகிராம் விதனோலைடு இருக்கும். 5 சதவீதம் என்று குறிக்கப்பட்ட 300 மில்லிகிராம் மாத்திரையிலோ 15 மில்லிகிராம். பெயர் ஒன்று, வரலாறு ஒன்று, பொருள் வேறு. நூற்றாண்டுகளின் அனுபவம் சூரணத்துக்கு உண்டு, இந்த மாத்திரைக்குக் கிடையாது.

இரண்டும் ஒரே நாளில் சேரும்போது

சேர்ந்து வரும்போது மிக ஆபத்தான கூட்டு, உடல் வெப்பத்தைக் கூட்டும் மூலிகையும் வெயிலில் செய்யும் பயிற்சியும். எபிட்ரா என்ற சீன மூலிகையில் எபிட்ரின் இருக்கிறது. அது இதயத்தை வேகமாக்கி, வெப்ப உற்பத்தியைக் கூட்டி, தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். கடும் பயிற்சியில் தசை கக்கும் வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழியைத்தான் இது குறுக்குகிறது. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 2003 பிப்ரவரியில் புளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத் தாக்குக்கு ஆளாகி இறந்தார். வயது 23. அவர் எபிட்ரா மாத்திரை எடுத்திருந்தது மரணத்தில் பங்குவகித்ததாக மருத்துவ அதிகாரி தெரிவித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கா எபிட்ரா கலந்த துணை உணவுகளைத் தடைசெய்தது. இன்று பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளில் எபிட்ராவின் இடத்தில் காஃபீனும், காஃபீனே நிறைந்த குவாரானா விதையும், கசப்பு ஆரஞ்சுத் தோலும் இருக்கின்றன. லேபிளில் காஃபீன் ஒரு வரியிலும் குவாரானா இன்னொரு வரியிலும் இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் வரை உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணிப்பு.

அதிமதுரம் இன்னொரு வகை. தொண்டைக்கு ஒரு துண்டை மெல்வதில் ஒன்றுமில்லை. நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகம் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இழக்கும்படி செய்துவிடும். ரத்த அழுத்தம் ஏறும். வேலை செய்யும் தசை தனக்கு ரத்தத்தை வரவழைக்கப் பொட்டாசியத்தைத்தான் பயன்படுத்துகிறது. அது குறைந்த நிலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் தசை ரத்தம் போதாமல் சிதையும். அதிமதுரத்தால் பொட்டாசியம் இறங்கித் தசைச் சிதைவு வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன.

மூன்றாவது, ஆபத்து என்பதைவிட வீண் என்று சொல்லத் தக்கது. பயிற்சியில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைத் தாக்குபவை என்பதால், அவற்றை அடக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளை வாரி விழுங்குகிறார்கள். ஆனால் அந்த மூலக்கூறுகளே "இந்தச் சுமைக்கேற்ப மாறு" என்று தசைக்குச் சொல்லும் தூதாகவும் இருக்கின்றன. 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், வைட்டமின் சி, இ மாத்திரைகளோடு பயிற்சி செய்தவர்களுக்கு, பயிற்சியால் கிடைக்க வேண்டிய இன்சுலின் சார்ந்த நன்மை கிடைக்காமல் போனது. அதில் பயன்பட்டவை வைட்டமின்கள். மூலிகைச் செறிவுகள் எல்லாமே அப்படிச் செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தூதை வழியில் மடக்க காசு கொடுப்பானேன்?

லேபிளில் இல்லாதது

இதுவரை பேசியதெல்லாம் லேபிளில் எழுதியதுதான் உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2004இல் வெளியான ஆய்வு இது. உடல் கட்டமைக்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது உலகம் முழுக்க நடக்கிறது. இரண்டே வாரத்தில் கண்கூடாகத் தசை ஏறினால் மூலிகையைப் பாராட்டுவதற்கு முன் குப்பியைச் சந்தேகியுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை வீங்கி விறைத்து அசைக்க முடியாமல் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பானகமோ இளநீரோ குடித்துவிட்டுக் காத்திருப்பது சரியல்ல. கண் மஞ்சளானாலும் உடல் முழுக்க அரித்தாலும் எல்லா மூலிகை மாத்திரைகளையும் அந்த நொடியே நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

சாதாரணப் பரிசோதனை என்றால், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து கடும் பயிற்சியைத் தவிர்ப்பது வீண் பயத்தைத் தவிர்க்கும். தவிர்க்க முடியாவிட்டால் கடைசியாக எப்போது, என்ன பயிற்சி செய்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்காமல் "இல்லை" என்று சொல்வதுதான் நம் வழக்கம். அதனால் குப்பியைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. பெயர், செறிவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும்.

தசைச் சிதைவைச் சந்தேகித்தால் மருத்துவர் முதலில் ஒரு மலிவான சோதனையைச் செய்வார். சிறுநீரில் ஒரு பட்டையை நனைப்பார். அது "ரத்தம் இருக்கிறது" என்று காட்டும். அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றும் தென்படாது. பட்டை ரத்தம் என்று எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மையோகுளோபினாகத்தான் இருக்கும். உடனே சிபிகேவுக்கும் பொட்டாசியத்துக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, சலைன் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள்.